ஹெலிகாப்டர் மாடலில் ரிவெட்: குழி வேண்டாம், புடைப்புதான் வேண்டும்

ஹியூயி (அமெரிக்க ராணுவத்தின் பெல் யூஎச்-1) ஹெலிகாப்டரின் வால் பூமை, அதாவது உடலிலிருந்து பின்னால் நீளும் வால் பகுதியை, சாயங்கால வெயிலில் எடுத்த போட்டோ ஒன்றைத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். தகடு முழுக்க வரிசை வரிசையாக ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) தலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் துளி வெளிச்சம், மறுபக்கம் துளி நிழல். அத்தனையும் தகட்டுக்கு வெளியே புடைத்து நிற்கும். நாம் வாங்கும் மாடல் கிட் பலவற்றில் அதே இடத்தில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் இருக்கும், இல்லையென்றால் மொழுமொழுவென்று வெறும் பிளாஸ்டிக்.

வேகமாகப் பறக்கும் விமானத்தில் காற்றின் இழுவையைக் குறைக்க ரிவெட் தலையைத் தகட்டோடு சமமாக உட்கார வைப்பார்கள். ஹியூயி மணிக்கு 200 கிலோமீட்டர் சொச்சத்தில் போகிற வண்டி, அதற்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை. மெல்லிய தகட்டில் தலைக்காகப் பள்ளம் வெட்டினால் தகடுதான் பலவீனமாகும் என்பதால் 1956-ல் முதன்முதலில் பறந்த இந்த வடிவமைப்பில் உருண்டைத் தலை ரிவெட்டுகள் ஏராளம். நான் முதலில் செய்த 1/35 (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு அளவு) ஹியூயியில் இது தெரியாமல், வரிசையாகக் குழி குத்தும் பல் சக்கரமான ரிவெட் சக்கரத்தை எடுத்து வால் முழுக்க ஓட்டிவிட்டேன். பெயின்ட் அடித்து முடித்ததும் தையல் போட்ட துணி மாதிரி இருந்தது, மறுபடி அடைத்துத் தேய்த்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

எதையும் ஒட்டுவதற்கு முன் கணக்குப் போட்டுவிடுங்கள். விமானத் தகட்டு வேலையில் அதிகம் பார்க்கிற ரிவெட்டின் தண்டு எட்டில் ஒரு பங்கு அங்குலம், தலை அதைப் போல இரு மடங்கு, அதாவது சுமார் 6.35 மில்லிமீட்டர் அகலம். 1/35-ல் அது 0.18 மில்லிமீட்டர், 1/48-ல் 0.13, 1/72-ல் 0.09. இரண்டு ரிவெட்டுக்கு நடுவே 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1/35-ல் இடைவெளி 0.7 மில்லிமீட்டர். தலையின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு, அது 1/35-ல் 0.04 மில்லிமீட்டர்தான். இந்தக் கடைசி எண்ணை மனதில் வையுங்கள், பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடிக்கும்போது வேண்டியிருக்கும். 1/72-ல் நான் புடைப்பு ரிவெட் வைப்பதில்லை. எவ்வளவு கவனமாக வைத்தாலும் பெரிதாகத்தான் தெரியும்.

அடுத்தது போட்டோ. அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கும் ஸ்மித்சோனியனின் உட்வார்-ஹேஸி மையத்தில் "ஸ்மோக்கி 3" என்ற யூஎச்-1எச் நிற்கிறது, ஹோ சி மின் நகரத்துப் போர் அருங்காட்சியக முற்றத்திலும் ஒரு ஹியூயி உண்டு. இரண்டுக்கும் நெருக்கமான படங்கள் தேடினால் கிடைக்கும். வரிசை எங்கே ஓடுகிறது என்பதை அந்தப் படங்களிலிருந்து எடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். ரிவெட் வரிசை என்றால் அதற்கு உள்ளே ஒரு சட்டமோ நீளக் கம்பியோ இருக்கிறது என்று அர்த்தம். வால் பூம் பின்னால் போகப்போகக் குறுகுவதால் நீளவாக்கில் ஓடும் வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே போகும், அவற்றை இணைகோடாகப் போட்டால் பார்த்ததுமே தப்பு தெரியும். மேலே டிரைவ் ஷாஃப்ட் (வால் ரோட்டரைச் சுழற்றும் தண்டு) மூடியில் இருப்பவற்றில் பல திறந்து மூடுகிற பூட்டுத் திருகுகள், தலை பெரியது, நடுவே வெட்டு இருக்கும், அவற்றைத் தனியாகச் செய்யுங்கள். ரோட்டர் பிளேடு பசையால் ஒட்டிச் செய்தது, அதில் ரிவெட் வரிசை போடவே கூடாது.

சரி, வேலைக்கு வருவோம். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி, இணைப்பை அடைத்து, தேய்த்து முடித்த பிறகுதான் ரிவெட். முன்னாலேயே வைத்தால் தேய்க்கும்போது இணைப்புக்கு இருபுறமும் வழுக்கையாகிவிடும்.

நான் பெரும்பாலும் பயன்படுத்துவது ரெசின் ரிவெட் டெக்கால்தான் (டெக்கால் என்றால் தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலம்). ஆர்ச்சர் போன்ற நிறுவனங்கள் போட்டவை, டெக்கால் படலத்தின் மேல் குட்டிக் குட்டி மேடுகளாக ரெசின் இருக்கும். ஒட்டும் இடத்தில் பளபளப்பான கோட் ஒன்று அடித்துக் காயவிடுங்கள், சொரசொரப்பான பரப்பில் படலத்துக்கு அடியில் காற்று தங்கிவிடும். கூர்மையான பென்சிலால் வரிசைகளை மெல்லக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். புது பிளேடால் வரிசையை ஒட்டி, இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள். நீளமான வரிசையை ஒரே துண்டாக வைக்கப் போராட வேண்டாம், மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டு போதும், அதற்கு மேல் போனால் பாம்பு மாதிரி நெளியும். தண்ணீரில் நனைத்துத் தாளிலிருந்து நகர்த்தி, ஈரத் தூரிகையால் கோட்டின் மேல் தள்ளிச் சேருங்கள். பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேய்த்தால் ரிவெட் கழன்று பஞ்சோடு வந்துவிடும், அதனால் ஓரத்தில் டிஷ்யூவை வைத்துத் தண்ணீரை மட்டும் உறிஞ்ச விடுங்கள். அப்புறம் படலத்தை இளக்கிப் படிய வைக்கும் டெக்கால் சாஃப்ட்னர் ஒரு கோட், ஒரு நாள் முழுக்கக் காயட்டும்.

டெக்கால் கிடைக்கவில்லை, விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஏசி குழாய் வேலைக்கு விற்கும் அலுமினியம் ஃபாயில் டேப் வாங்குங்கள். ஒரு பேனலின் அளவுக்குக் காகிதத்தில் அச்சு வெட்டி, அதே அளவில் டேப்பை நறுக்குங்கள். பின்பக்கத் தாளை உரிக்காமல், ஏழெட்டு மடிப்புச் செய்தித்தாளின் மேல் கவிழ்த்துப் போட்டு, டேப்பின் அந்தப் பின்பக்கத் தாளின் மேலேயே ஸ்கேல் வைத்து ரிவெட் சக்கரத்தை ஓட்டுங்கள். திருப்பிப் பார்த்தால் முன்பக்கம் மேடுகள் அழகாக எழும்பியிருக்கும். அழுத்தம் எவ்வளவு என்பதை நாலைந்து துண்டில் பழகிக்கொள்ளுங்கள், அதிகமானால் டேப் கிழியும். ஒட்டும்போது வரிசைகளுக்கு நடுவே மட்டும் பல்குச்சியால் நீவுங்கள். நீவும்போது ரிவெட்டுகளுக்கு இடையில் தகடு லேசாகக் குழிந்து போகும், அதைச் சரிசெய்யாதீர்கள். உண்மையான ஹெலிகாப்டரின் தகடும் அப்படித்தான் அலையலையாக இருக்கும், அந்த ஒரு விஷயத்தில் ஃபாயில் டெக்காலை விடவே மேல். வால் பூம் மாதிரி ஒரு திசையில் வளையும் பரப்புக்கு இது பொருந்தும். மூக்குப் பகுதி எல்லாப் பக்கமும் வளைவதால் ஃபாயில் சுருங்கும், அங்கே டெக்கால்தான்.

ஊசி முனையில் வெள்ளைப் பசை தொட்டு ஒவ்வொரு புள்ளியாக வைக்கும் முறையும் இருக்கிறது. பெரிய போல்ட் தலைகளுக்கு நன்றாக வரும், உதாரணத்துக்கு வால் பூமை உடலோடு பிடிக்கும் நான்கு போல்ட்டுகள். நூற்றுக்கணக்கான ரிவெட்டுக்கு அதை முயல வேண்டாம். எவ்வளவு பொறுமை இருந்தாலும் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வரும், கண் அதை உடனே பிடித்துவிடும்.

பிரைமரை ஏர்பிரஷ்ஷால் மெல்லிய தூவலாக, இரண்டு மூன்று தடவையாக அடியுங்கள். 0.04 மில்லிமீட்டர் உயரத்தை ஒரே தடிமனான கோட் விழுங்கிவிடும். ஸ்ப்ரே டப்பாவை நான் இந்த வேலைக்குத் தொடுவதே இல்லை. பிரைமர் காய்ந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தகட்டோடு தகடாகச் சாய்த்துப் பிடியுங்கள். விடுபட்ட ரிவெட், கோணிய வரிசை, படலத்தின் ஓரம் எல்லாம் அப்போதுதான் தெரியும். இப்போதே சரிசெய்துவிடுங்கள், பச்சை பெயின்ட் ஏறிய பிறகு முடியாது.

பெயின்ட்டுக்குப் பிறகு அடர் பழுப்பு எண்ணெய் வாஷை (நீர்க்கக் கரைத்த பெயின்ட்) வரிசையோரமாக மட்டும் விட்டு, காய்வதற்குள் காற்று ஓடும் திசையில் துடைத்துவிடுங்கள். வெள்ளிப் பென்சிலை எல்லாத் தலைக்கும் தடவாமல், ஆட்கள் மிதித்து ஏறி இறங்கும் கதவோரத்திலும் மெக்கானிக் கால் வைக்கும் கூரையிலும் மட்டும் பத்துப் பதினைந்து தலைகளைத் தொட்டால் போதும்.