சுபேதார் மேஜர் வேறு, மேஜர் வேறு

என் பெரியப்பா தரைப்படையில் சுபேதார் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் திருமண அழைப்பிதழில் இடம் போதவில்லை என்று அச்சகத்தில் வெறும் 'மேஜர்' என்று போட்டுவிட்டார்கள். உறவினர்களுக்கு ஒரே பெருமை. அவரோ பேனாவும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு அழைப்பிதழிலும் 'சுபேதார்' என்று சேர்த்து எழுதினார்.

அது வீண் பிடிவாதம் அல்ல. இந்தியத் தரைப்படையில் அடுக்குகள் மூன்று. சிப்பாய் முதல் ஹவில்தார் வரை ஓர் அடுக்கு. லெப்டினன்ட் முதல் ஜெனரல் வரை அதிகாரிகள்; மேஜர் இந்த அடுக்கில் வருபவர். நடுவில் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் ஆகிய ஜே.சி.ஓ.க்கள், அதாவது ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்கள். நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஜே.சி.ஓ.க்கள் பெரும்பாலும் சிப்பாயாகச் சேர்ந்து, பல ஆண்டுகள் உழைத்து உயர்ந்தவர்கள். ஆங்கிலேயர் காலத்தில் சாதாரண இந்தியச் சிப்பாய் கனவு காணக்கூடிய உச்சம் சுபேதார் மேஜர்தான். இன்று அகாதமியிலிருந்து புதிதாக வரும் இளம் லெப்டினன்ட் தரத்தில் அவருக்கு மேலே. ஆனாலும் அந்த இளைஞர் அவரை 'சாப்' என்றுதான் அழைப்பார். புத்திசாலியாக இருந்தால் அவரிடம் கேட்டும் நடப்பார். மரியாதை வேறு, கட்டளையிடும் அதிகாரம் வேறு.

தோளில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணித் தரம் சொல்லாதீர்கள். இரண்டு நட்சத்திரம் லெப்டினன்டுக்கும் உண்டு, சுபேதாருக்கும் உண்டு, காவல் நிலைய சப் இன்ஸ்பெக்டருக்கும் உண்டு. சுபேதாரின் தோளில் வண்ணப் பட்டி ஒன்று இருக்கும்; லெப்டினன்டுக்கு இருக்காது.

லெப்டினன்டைவிட மேஜர் பெரியவர் என்பதால், லெப்டினன்ட் ஜெனரலைவிட மேஜர் ஜெனரல் பெரியவர் என்று எழுதிவிடுகிறார்கள். நேர் எதிர். பிரெஞ்சு வேர்ப்படி லெப்டினன்ட் என்றால் இன்னொருவர் இடத்தில் நிற்பவர். ஜெனரலுக்கு அடுத்து நிற்பவர் லெப்டினன்ட் ஜெனரல். மேஜர் ஜெனரலோ பழைய 'சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்' என்ற பெயரின் மிச்சம், சார்ஜன்ட் உதிர்ந்துபோனது.

கேப்டன் என்றதும் எந்தப் படை என்று கேளுங்கள். கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். தரைப்படைக் கேப்டனோ கர்னலுக்கு மூன்று படி கீழே.

தரத்தையும் பொறுப்பையும் கலப்பதும் உண்டு. ஜெனரல் என்பது தரம், தரைப்படைத் தலைமைத் தளபதி என்பது பொறுப்பு. கம்பெனி என்னும் படைப்பிரிவில் கம்பெனி ஹவில்தார் மேஜர் என்பதும் பொறுப்புதான். அவர் தரம் ஹவில்தார்.

இந்த நுணுக்கமெல்லாம் யாருக்கு வேண்டும் என்று கேட்கலாம். சண்டையில் கம்பெனித் தலைவர் விழுந்தால் அடுத்து யார் என்று அங்கே கூட்டம் போட்டு முடிவுசெய்ய நேரமில்லை. தரம் முன்பே பதில் சொல்லிவைத்திருக்கிறது. இருவர் ஒரே தரம் என்றால் பணிமூப்பு சொல்லும். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி மேலதிகாரியின் முறையான கட்டளைக்குக் கீழ்ப்படியாதது குற்றம். ஆகவே மேலதிகாரி யார் என்பதில் ஐயம் இருக்கக் கூடாது.

கடைசியாக 'ஓய்வு'. முன்னாள் தரைப்படைத் தலைமைத் தளபதி மானெக்ஷாவை 'ஓய்வு பெற்ற பீல்டு மார்ஷல்' என்று எழுதுவது பிழை. பீல்டு மார்ஷல் ஜெனரலுக்கும் மேலான தரம். 1973இல் அவருக்குக் கிடைத்த அந்தத் தரம் வாழ்நாள் முழுவதற்குமானது. மற்றவர்களுக்கு '(ஓய்வு)' என்பது பெயருக்குப் பின்னால் வர வேண்டும். ஓய்வு பெறுவது ஆள், தரம் அல்ல. எங்கள் வீட்டு அழைப்பிதழில் அதுவும் முன்னால்தான் அச்சாகியிருந்தது. பெரியப்பா அதைத் திருத்தவில்லை. பேனாவில் மை தீர்ந்துவிட்டது என்றார்.