பழைய ஸ்போர்ட்ஸ் காரின் முன் பிரேக்குகளுக்குக் காற்றுக்குழாய் பொருத்துதல்

1,000 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 100 கி.மீ. வேகத்திலிருந்து பிரேக் பிடித்து நிற்கும்போது ஏறத்தாழ 385 கிலோஜூல் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. அதில் பெரும்பங்கு முன்சக்கர டிஸ்க்குகளில், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டுகளில், இறங்குகிறது. சாலையில் எப்போதாவது நேர்வது, பந்தயத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை நேர்வதால், டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

டிஸ்க்குக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாயை வாங்குமுன், கோளாறு எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகியிருக்கின்றன. பெடல் கெட்டியாக இருந்தும் கார் வேகம் குறையாவிட்டால் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட்கள் தாங்கக்கூடிய வெப்பத்தைத் தாண்டிவிட்டன. டாட் 4 (DOT 4) என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி; ஈரம் உறிஞ்சிய நிலையில் அந்த வரம்பு 155 டிகிரிதான். ஆகவே பழைய ஆயிலை மாற்றாமல் குழாய் பொருத்துவது வீண் செலவு.

டிஸ்க்கின் அமைப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். காற்றோட்ட டிஸ்க் என்பது நடுவே தடுப்புகள் வைத்துச் சேர்த்த இரண்டு தட்டுகள். சுழலும்போது அது மின்விசிறிபோல் மையத்தில் காற்றை இழுத்து விளிம்பு வழியே வெளியே தள்ளுகிறது. நாம் செய்யவேண்டியதெல்லாம் அந்த மையத்துக்குக் குளிர்ந்த காற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான். பலரும் குழாயை டிஸ்க்கின் உட்புற முகத்தை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். ஒரு முகம் மட்டும் குளிர்ந்து மறுமுகம் கொதித்தால் டிஸ்க்கில் விரிசல் விழும். உங்கள் காரில் இருப்பது நடுவே இடைவெளியில்லாத ஒற்றைத்தட்டு டிஸ்க் என்றால் பலன் குறைவு. காற்றோட்ட டிஸ்க்குக்கு மாற வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சமதளத்தில் காரை ஜாக்கால் தூக்கி, ஸ்டாண்டின்மேல் நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றடித்து ஊதாமல், பிரேக் கிளீனர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பேட்களை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரை அதன் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி, டிஸ்க்கை எடுத்தால் பின்னால் தூசுத் தடுப்புத் தகடு தெரியும். சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பைச் சுற்றியுள்ள இடத்தை அட்டையில் வரைந்து வெட்டிப் பார்த்த பிறகே தகட்டில் ஓட்டை போடுங்கள். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் இருந்தால் அதன் வயருக்கும் இடம் விடுங்கள். குழாய் மாட்டும் வாய்த்துண்டை அந்த ஓட்டையில் வெல்டிங் செய்யலாம். ஆரம்பநிலையினருக்கு போல்ட்டே போதும். ஆனால் நைலான் வளையம் உள்ள நட் இங்கே வேண்டாம், சூட்டில் நைலான் இளகிவிடும். முழுவதும் உலோகத்தாலான லாக் நட் போடுங்கள்.

காற்றை வாங்கும் வாய் காரின் முகப்பில், காற்று நேராக மோதும் இடத்தில் இருக்கவேண்டும். பனிவிளக்கைக் கழற்றிய ஓட்டை பெரும்பாலும் பொருந்திவிடும். கல் நுழையாமல் வலை வையுங்கள்.

குழாயாக, சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழைத் துணியில் கம்பிச்சுருள் வைத்த வகையை வாங்குங்கள்; துணி உலர்த்தும் இயந்திரத்துக்கான அலுமினியத் தாள் குழாய் அதிர்வில் கிழிந்துவிடும். 76 மி.மீ. குழாயின் வாய்ப்பரப்பு 63 மி.மீ. குழாயைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். என்றாலும் இடுக்கில் நசுங்கிக் கிடக்கும் பெரிய குழாயைவிட முழு வட்டமாகத் திறந்திருக்கும் சிறியதே மேல் என்பேன்.

அதிக நேரம் பிடிப்பது குழாயின் பாதைதான். என் முதல் முயற்சியில், சக்கரம் தொங்கிய நிலையில் மட்டும் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துத் திருப்தியடைந்தேன். தடத்தில் அரை நாள் ஓட்டியதும் டயர் துணியைத் தேய்த்து, உள்ளிருந்த கம்பிச்சுருள் பளபளவென்று வெளியே தெரிந்தது. இப்போது டயரின் உட்புறத் தோளில் சுண்ணக்கட்டியை நன்றாகத் தேய்த்துவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷனின் கீழ்க்கையின் அடியில் இன்னொரு ஜாக் வைத்துச் சக்கரத்தை மேல், நடு, கீழ் ஆகிய மூன்று உயரங்களில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுவதுமாகத் திருப்புகிறேன். குழாயில் வெள்ளைத் தடம் விழும் இடத்தில் பாதையை மாற்றவேண்டும். பிரேக் ஹோஸும், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடும் குழாயைத் தொடக்கூடாது. டிஸ்க்குக்கு அருகில் பிளாஸ்டிக் கட்டு உருகிவிடும் என்பதால் எஃகுக் கிளாம்ப் போடுங்கள்.

சக்கர நட்களைக் கையேடு சொல்லும் முறுக்குவிசையில் இறுக்கி, மெதுவாக ஓட்டிப் பார்த்துத் திரும்பி வந்து, கிளாம்ப்களையும் சுண்ணத் தடத்தையும் மறுபடி பாருங்கள். மழையிலும் சாதாரணச் சாலையிலும் ஓட்டும்போது முன்வாயை டேப்பால் மூடிவிடுங்கள். தடத்துக்கான பேட்கள் குளிர்ந்து கிடந்தால் முதல் மிதியில் சரியாகப் பிடிக்காது.