நடைபழகும் காலின் அசைவை அளப்பது: உணரியைக் கட்டும் முறை

பக்கவாதத்துக்கோ முழங்கால் சத்திரசிகிச்சைக்கோ பிறகு நடைபழகுபவருக்குக் கைக்கடிகாரம் எண்ணும் காலடிக் கணக்கு உதவாது. பொல்லையோ வோக்கரையோ பிடித்த கை வீசாது; வீசாத கையில் காலடிகள் பல எண்ணப்படாமலே போகும். அசைவையும் சுழற்சியையும் அளக்கும் உணரியைக் காலில்தான் கட்டவேண்டும், இரண்டு காலிலும்.

எம்பியூ-6050 உணரி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் அளவுகளை வாங்கும் ஈஎஸ்பி-32 என்ற சிறு கணினிப் பலகை, சிறு பற்றரி, பதிவைச் சேமிக்க எஸ்டி அட்டை. செக்கனுக்கு 100 பதிவு போதும். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 4.3 எம்பி வரும். கம்பிகளைச் செருகி விடாமல் சோல்டர் பண்ணுங்கள், கடற்கரை உப்புக்காற்றில் ஊசிகள் துருவேறி இணைப்பு விட்டுப்போகும். உணரி அளக்கும் சுழற்சி வேகத்தின் எல்லை தொடக்கத்தில் செக்கனுக்கு 250 பாகையில் இருக்கும், 500க்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நல்ல காலின் வீச்சு உச்சியில் வெட்டுப்பட்டு, இரண்டு காலும் சமமாகிவிட்டதுபோலத் தெரியும். இதைவிட மோசமான பிழை இல்லை.

கட்டும் இடம் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே, முன்னெலும்பின் உட்புறத் தட்டை. கெண்டைச்சதையில் கட்டினால் சதை குலுங்குவதும் பதிவாகும். கச்சான் வீசும் காலத்தில் திருகோணமலை வெக்கைக்குப் பட்டி வியர்வையில் வழுகும். அடியில் பருத்தித்துணி ஒரு சுற்றுச் சுற்றி, இடத்தைப் பேனையால் குறித்துவிடுங்கள். பட்டிக்குள் ஒரு விரல் நுழையவேண்டும். பக்கவாதக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் இறுக்கம் அவருக்கே தெரியாது.

கட்டுமுன் இரண்டு உணரிகளையும் சேர்த்துப் பிடித்து மேசையில் மூன்று தட்டு. பதிவில் எழும் அந்த மூன்று கூர்களை வைத்துத்தான் நேரத்தைப் பொருத்துவது. முடிவிலும் தட்டுங்கள், இரண்டு பலகைகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. கட்டியதும் 10 செக்கன் அசையாமல் இருக்கட்டும். அப்போது வரும் சுழற்சிச் சராசரிதான் உணரியின் சொந்தப் பிழை, அதைக் கழியுங்கள். செக்கனுக்கு அரைப் பாகைப் பிழையென்றாலும் கோணம் கணக்கிடும்போது ஒரு நிமிடத்தில் 30 பாகையாகிவிடும்.

பிறகு கதிரையிலிருந்து எழும்பி, 3 மீற்றர் நடந்து, திரும்பிவந்து இருக்கவேண்டும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அதே கதிரை, அதே தரை, அதே நேரம். உப்புவெளி மணலில் நடந்ததையும் கோணேசர் கோயில் ஏற்றத்தையும் இதோடு சேர்க்காதீர்கள்.

முதல் வாரத்தில் 50 காலடியைக் கைபேசியில் படம்பிடித்து, உணரியின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், காலடியென்று ஏற்கும் எல்லை இழுத்து நடப்பவருக்கு உயரமாக இருக்கிறது. அவருடைய சொந்தச் சுழற்சி வேக உச்சத்தின் 40 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள்.

எண்கள் ஒரேயடியாக விழுந்து, கெண்டை வீங்கி, சுட்டு, நொந்தால் பட்டியைக் கழற்றி அன்றைக்கே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். அது இரத்தக்கட்டியாக இருக்கலாம், இந்த உணரி அதைக் காட்டாது.