வெள்ளம் வடிந்த பிறகு சம்ப் தண்ணீரைச் சுத்தமாக்குவது எப்படி?

சென்னையில் பெருமழை ஓய்ந்ததும் ‘தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், குளோரின் சேருங்கள்’ என்று அறிவிப்பு வரும். சரியான அறிவிப்புதான். ஆனால் எதை முதலில் செய்வது, எவ்வளவு சேர்ப்பது என்பது புதிதாக வெள்ளத்தைப் பார்க்கும் குடும்பத்துக்குத் தெரியாது. 2015 டிசம்பரில் எங்கள் வேளச்சேரி வீட்டிலும் தெரியவில்லை. குடிக்கிற தண்ணீரை மட்டும் காய்ச்சினோம். பல் தேய்த்தது, டம்ளர் அலசியது, சட்னி அரைத்தது எல்லாம் குழாய்த் தண்ணீரில். ஒரு வாரத்துக்குள் வீட்டில் மூன்று பேருக்கு வயிற்றுப்போக்கு. 2023-இல் மிக்ஜாம் புயல் வந்தபோது கீழே உள்ள வரிசையில் செய்தோம், யாரும் படுக்கவில்லை.

படி 1: மோட்டாரைப் போடாதீர்கள்

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். சம்ப் என்பது தரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டி. தெருவில் சாக்கடை மேன்ஹோல் பொங்கினால் அந்தத் தண்ணீர் மூடி இடுக்கு வழியாக உள்ளே இறங்கும். தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டால் அது மாடித் தொட்டிக்கு ஏறி, அங்கிருந்து எல்லாக் குழாய்க்கும், ஆர்ஓ மெஷினுக்கும் போய்விடும். ஒரு தொட்டியைக் கழுவ வேண்டிய வேலை முழு வீட்டு வேலையாகிவிடும்.

சுவரில் வெள்ளம் நின்ற கறை சம்ப் மூடிக்கு மேலே தெரிகிறதா? அப்படியானால் உள்ளே தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தாலும் அது கெட்ட தண்ணீர்தான். மோட்டாரும் நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்கும் வரை சுவிட்சைத் தொடவே வேண்டாம்.

படி 2: இன்றைக்குக் குடிக்க

மெட்ரோ வாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்) லாரியில் பிடித்த தண்ணீரை வெள்ளை வேட்டியை நாலாக மடித்து வடிகட்டுங்கள். கலங்கலாக இருந்தால் படிகாரத்தை நாலு சுற்று சுற்றி, தெளிய விட்டு, மேல்தண்ணீரை இறுத்துக்கொள்ளலாம். பாட்டி காலத்துத் தேற்றாங்கொட்டையும் இதே வேலையைச் செய்யும். இவை மண்ணைத்தான் படிய வைக்கும். தண்ணீரில் கிருமி இருந்தால் இருக்கத்தான் செய்யும்.

பிறகு காய்ச்சுங்கள். ஓரத்தில் சின்னக் குமிழி வருவது போதாது. தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்க வேண்டும். மூடியபடியே ஆறவிட்டு, அதே பாத்திரத்திலோ வெந்நீரில் கழுவிய குடத்திலோ வையுங்கள். கையை விட்டு மொள்ளாமல் நீளக் காம்புக் கரண்டியால் எடுங்கள். தண்ணீரில் டீசல் வாடையோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் காய்ச்சியும் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.

கேஸ் இல்லையென்றால் குளோரின் மாத்திரை. ஒரு மாத்திரைக்கு எத்தனை லிட்டர் என்பது அட்டையில் இருக்கும். போட்டபின் அரை மணி நேரம் காத்திருங்கள். பல் தேய்க்க, பால் பாட்டில் கழுவ, மோர் கரைக்க, தேங்காய்ச் சட்னி அரைக்க எல்லாவற்றுக்கும் இந்தத் தண்ணீர்தான். சாம்பார் கொதிக்கிறது, சட்னி கொதிப்பதில்லை.

படி 3: சம்பைக் கழுவுதல்

சம்புக்குள் இறங்காதீர்கள். மூடிக்கிடந்த சம்பில் பிராணவாயு குறைந்திருக்கும். உள்ளே போனவர் மயங்கி விழுவார், தூக்கப் போனவரும் விழுவார். இறைக்கும் டீசல் எஞ்சினையும் உள்ளே இறக்கக் கூடாது, அதன் புகை ஆளைக் கொல்லும்.

தண்ணீரை முழுதாக இறைத்து வெளியேற்றுங்கள். 10 லிட்டர் வாளியில் சுமார் 60 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து, கம்பு கட்டிய துடைப்பத்தால் மேலே நின்றபடியே சுவரையும் தரையையும் தேயுங்கள். அரை மணி ஊறவிட்டு நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் இறைத்துவிடுங்கள். ஆசிட், டாய்லெட் கிளீனர் எதையும் பிளீச்சிங் பவுடரோடு கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

படி 4: அளந்து குளோரின் போடுதல்

கழுவிய சம்பில் நல்ல தண்ணீர் நிரப்பியபின், குளோரினுக்காகப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். கண்ணளவில் போடுவதுதான் பலர் செய்யும் தவறு. கணக்கு எளிது: நீளம், அகலம், தண்ணீரின் ஆழம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வந்ததை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர். 6 அடி, 5 அடி, 5 அடி என்றால் 150 கன அடி, ஏறத்தாழ 4,250 லிட்டர். தெளிந்த தண்ணீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. ஆக, நம் சம்புக்கு 10 முதல் 11 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். திறந்து கிடந்து காரமான நெடி போய்விட்ட பவுடர் உதவாது.

பிளாஸ்டிக் மக்கில் பசை போலக் குழைத்து, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, பத்து நிமிடம் வையுங்கள். அடியில் சுண்ணாம்பு தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் சம்பில் ஊற்றிக் கலக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள்.

படி 5: மாடித் தொட்டி, குழாய், சோதனை

மாடித் தொட்டியையும் இதேபோல் கழுவிய பிறகுதான் மோட்டார். எல்லாக் குழாயையும் திறந்து, குளோரின் வாடை வரும் வரை ஓடவிடுங்கள். ஆர்ஓ மெஷினில் அழுக்குத் தண்ணீர் போயிருந்தால் ஃபில்டரை மாற்றாமல் அதில் குடிக்காதீர்கள்.

குளோரின் சோதனைக் கிட் கிடைத்தால் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மீதக் குளோரின் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 10500 சொல்லும் குறைந்த அளவு அது. அதே தரநிலைப்படி 100 மில்லி தண்ணீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, ஆய்வகத்தில்தான் தெரியும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. முடிவு கைக்கு வரும் வரை காய்ச்சுவதை நிறுத்தாதீர்கள்.

சம்பைச் சுத்தம் செய்தபிறகும் மெட்ரோ வாட்டர் குழாயிலேயே சாக்கடை நாற்றம் வந்தால் சிக்கல் தெருக்குழாயில் இருக்கிறது. மெட்ரோ வாட்டரின் 1916-க்கு அழைத்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது சரியாகும் வரை அந்த இணைப்பிலிருந்து சம்புக்குப் போகும் வால்வை மூடி வையுங்கள். அந்த இடைவெளியில் ஒரு கொத்தனாரைப் பிடித்து, சம்பின் வாயைத் தரையிலிருந்து ஓர் அடியாவது உயர்த்திக் கட்டிவிடுங்கள். நாங்கள் 2016 கோடையில் கட்டினோம்.