சிபேலியஸின் ‘வால்ஸ் திரிஸ்த்’ இசைக்கு ஒரு சிறிய பாலே அமைப்பது எப்படி?

மூன்று பேர் ஆடும் சிறிய பாலே ஒன்றை, ‘துயர வால்ஸ்’ என்று பொருள்படும் இந்த இசைக்கு (வால்ஸ் என்பது மூன்று தட்டுகளில் சுழன்று ஆடும் நடனம்) அமைத்து மேடையேற்றி முடித்திருக்கிறேன். அந்த வேலையில் என்னைப் பல நாட்கள் நிறுத்திவைத்த இடங்களை, முதன்முதலாக நடனம் அமைக்க வருபவர்கள் எளிதாகக் கடக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ப்ளியே (முழங்கால் மடக்குதல்), ரெலவே (குதிகால் உயர்த்தி நிற்றல்), கை நிலைகள் ஆகியவற்றை நீங்கள் ஏற்கெனவே பழகியிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கதையை அறிந்துகொள்ளுங்கள்

பின்லாந்தின் ஜான் சிபேலியஸ், தம் மைத்துனர் அர்விட் யார்னெஃபெல்ட் எழுதிய ‘குவோலெமா’ என்ற நாடகத்துக்காக 1903-இல் இதை இயற்றி, 1904-இல் திருத்தியமைத்தார். குவோலெமா என்றால் மரணம். நோயுற்ற தாய் படுக்கையில் இருக்கிறாள்; மகன் அருகிலேயே கண்ணயர்ந்துவிடுகிறான். எங்கிருந்தோ கேட்கும் வால்ஸ் இசைக்கு எழுந்து, நிழல்போல வரும் விருந்தினரோடு அவள் ஆடுகிறாள்; களைத்து விழுகிறாள்; மீண்டும் எழுந்து இன்னும் வேகமாக ஆடுகிறாள். கதவு தட்டப்படுகிறது. வாசலில் மரணம் நிற்கிறது. நீங்கள் இக்கதையை அப்படியே ஆட வேண்டியதில்லை. ஆனால் இசை ஏன் இரண்டு முறை தணிந்து எழுகிறது என்பது இதை அறிந்தால்தான் விளங்கும்.

படி 2: ஒரே ஒரு பதிவு

இந்த இசையின் சில ஒலிப்பதிவுகள் ஐந்து நிமிடத்துக்குள் முடிகின்றன, சில ஆறு நிமிடத்தைத் தாண்டுகின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின் எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். வேகத்தைக் குறைத்து ஒலிக்கச் செய்யும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. குறைந்த வேகத்தில் பழகிய உடல், மேடையில் உண்மையான வேகம் வந்ததும் திகைத்து நின்றுவிடுகிறது. ஒலிப்பதிவைத் திருத்த உதவும் ஆடாசிட்டி மென்பொருளே போதுமானது. விண்டோஸில், இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல், எம் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்த நொடியில் ஒரு குறி விழும். மனநிலை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு குறி வைத்து, அதன் பக்கத்தில் ‘எழுகிறாள்’, ‘தயங்குகிறாள்’ என்று ஒரே சொல் எழுதுங்கள்.

படி 3: எண்ணுவது

நான் இடறிய இடம் இதுதான். வால்ஸ் என்பதால் தட்டுக்கு ஒன்றாக ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணச் சொன்னேன். தொடக்கத்தில் தந்திக் கருவிகளை வில்லால் இழைக்காமல் விரலால் மெதுவாக மீட்டுகிறார்கள்; இசைக்குழுவை நடத்துபவர் விரும்பிய இடத்தில் காலத்தை இழுக்கிறார். எனவே மூவரும் மூன்று வெவ்வேறு கணங்களில் ‘ஒன்று’க்கு வந்து சேர்ந்தார்கள். வேகமான பகுதியிலோ எண்ணும் நாக்கே காலுக்குப் பின்தங்கியது.

தீர்வு இரண்டு பகுதிகளாக வந்தது. மெதுவான இடங்களில் எண்ணவே கூடாது. ஆடுபவர்கள் மெட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே நடக்க வேண்டும். வயலின் வரி தொடங்குவதற்கு முன் மூச்சை உள்ளிழுத்து, வரி முடியும்போது வெளிவிட வேண்டும். நான் மூவரையும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கவைத்து, ஒருவர் மூச்சு மற்றவருக்குத் தெரியும்வரை இதைச் செய்யவைத்தேன். கைகள் தாமாகவே ஒன்றாக உயரத் தொடங்கின. வேகமான இடங்களில் மூன்று தட்டுகளைச் சேர்த்து ஒரே எண்ணாகக் கொள்ளுங்கள்; அடுத்த மூன்று ‘இரண்டு’ ஆகும். இப்படி எண்ணினால் கால் நிலைகொள்கிறது, உடலும் வால்ஸுக்குரிய அந்த ஊசலாட்டத்தைத் தானே கண்டுகொள்கிறது.

படி 4: ஓர் அசைவைப் பிடித்துக்கொள்ளுங்கள்

சோக இசை என்றதும் தலையைக் கவிழ்த்து, நெற்றியில் கைவைத்து ஆடவைப்பதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். துயரத்தை இசை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாயோ ஆட ஆசைப்படுகிறாள். ஓர் எளிய அசைவை எடுத்து அதையே வளருங்கள். நாங்கள் எடுத்தது: படுக்கை விரிப்பைத் தள்ளுவதுபோல வலது கை மார்பிலிருந்து வெளியே விலகும், அதற்குப் பிறகே குதிகால் எழும். முதலில் விரல்கள் மட்டும் விலகின; இரண்டாம் முறை முழங்கையும் சேர்ந்தது; உச்சத்தில் அதே விலகல் முழு உடலின் சுழற்சியாக மாறியது.

காலணியைப் பொறுத்தவரை, மென்மையான பாலே காலணியே என் தேர்வு. விரல் நுனியில் நிற்பதற்கான பாயின்ட் காலணியின் கெட்டியான முனை தரையில் படும் சத்தம், தொடக்கத்தின் மெல்லிய மீட்டலை மூடிவிடும்.

படி 5: முடிவு

வேகம் உச்சத்தைத் தொட்டு அறுந்தபின், கடைசிச் சுரக்கூட்டுகளை (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களை) நான்கு வயலின்கள் மட்டும் மிக மெல்லிய குரலில் இசைக்கின்றன. முதலில் அங்கே தாயை விழவைத்தேன். உடல் தரையில் மோதும் ஓசை அந்த நான்கு வயலின்களையும் விழுங்கிவிட்டது. இப்போது அவள் ரெலவேயில் நின்றபடியே இருக்கிறாள். ஒவ்வொரு சுரக்கூட்டுக்கும் குதிகால் சிறிது இறங்கி, கடைசியில் தரையைத் தொடுகிறது.

பிற்சேர்க்கை

வாசகர் ஒருவர், தொடக்கத்தில் ஆடுபவர்கள் ஒருசேர எழுவதில்லை என்று எழுதியிருந்தார். பெரும்பாலான பதிவுகளில் இசைக்கு முன் ஓரிரு நொடி வெற்று ஒலி இருக்கும். அதை வெட்டிவிடாமல், நீளத்தை அளந்து, ஒரு முழு மூச்சாகப் பழகச் சொல்லுங்கள். தனியாக ஆடலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஆடலாம், அப்போது விருந்தினர் நின்றிருக்கும் இடங்களைத் தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, பார்வை அந்தந்தக் குறிக்கு மேல், ஓர் ஆளின் கண் உயரத்தில் நிலைக்கும்படி பயிற்சி செய்யுங்கள்.