சமத்தில் போய் நிற்காத கஞ்சிரா

மயிலாப்பூரில் கச்சேரிக்குக் கஞ்சிரா (ஒரு பக்கம் தோல் போர்த்தி, சட்டத்தில் சலங்கை பதித்த சின்னத் தாளக்கருவி) வாசித்துப் பழகிய கை என்னுடையது. தாளமே வேண்டாம் என்று நண்பர்களோடு கூடி மனம்போன போக்கில் வாசிக்கும்போதும், கொஞ்ச நேரத்தில் ஒரு தீர்மானத்தை (முடிப்புச் சொற்கட்டு) 3 முறை வைத்து, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் போய் நிற்கும். சாக்ஸபோன் நண்பர், "என்னங்க, அதுக்குள்ள மங்களமா?" என்பார்.

இந்தப் பழக்கத்தை விட இடக்கையால் வாசித்துப் பார்த்தேன், பயனில்லை. வழி கொடுத்தது தண்ணீர். கஞ்சிராத் தோலின் உட்புறம் சில சொட்டு தடவி சுருதியை இறக்குவோம். காயக் காய ஏறிவிடும். கச்சேரியில் அது தொல்லை. இங்கே அந்த ஏற்றத்தையே உருப்படியின் போக்காக வைத்துக்கொண்டேன். தோல் தொளதொளவென்று இருக்கும்வரை அடி கிடையாது, ஈர விரலால் அழுத்தித் தேய்ப்பது மட்டும். அடிவயிற்றிலிருந்து வருகிற முனகல் மாதிரி ஒரு சத்தம். 'கும்' என்று கார்வை (நீண்டு நிற்கும் நாதம்) பிடித்ததும் தட்டலாம். 'டங்'கென்று இறுகிவிட்டால் சலங்கை மட்டும். எப்போது மாறுவது என்பதைத் தோல் சொல்கிறது. கணக்குப் போட இடமே இல்லை.

என்னுடையது ஆட்டுத்தோல். (கஞ்சிராவுக்கு வழக்கமாகப் போட்டுவந்த உடும்புத்தோலை 1972 வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது, தேடி அலையாதீர்கள்.) ஏசி அறையில் சீக்கிரம் காயும், நனைத்த துணியைப் பக்கத்தில் வையுங்கள். ஐப்பசி மழையில் மொட்டைமாடி ஷெட்டில் காயவே காயாது. அன்றைக்கு முழுக்க முனகல்தான், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.