வீட்டை விற்கும் முன் பூஞ்சையை ஒழிப்பது எப்படி?

வீட்டை விற்பது என்று முடிவானதும் பலர் முதலில் கூப்பிடுவது பெயிண்டரைத்தான். சுவரில் பூஞ்சை இருந்தால் அவர் கடைசியாக வரவேண்டிய ஆள். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் சீக்கிரமே உப்பி உரியும். புதுப் பெயிண்ட் வாசனையையும் மீறி வரும் முடைநாற்றம், வீடு பார்க்க வருபவரின் மூக்குக்குத் தப்பாது. முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும், பிறகு காயவிட வேண்டும், அப்புறம் சுத்தம், அதற்கும் பிறகுதான் பெயிண்ட். சுவர் காய்வதற்கே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் இரண்டு மூன்று மாதம் முன்பே இறங்கிவிடுங்கள்.

படி 1: தேடுங்கள்

டார்ச்சை நேராக அடிக்காமல், சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். லேசான உப்பல்கூட நிழல் விழுந்து தெரியும். சிங்க்குக்கு அடியில், வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பீரோவின் பின்னால், ஏசி வடிகுழாய் போகும் இடம், குளியலறைச் சுவரின் மறுபக்கம், பரண் எதையும் விடாதீர்கள்.

வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கரைந்துவிட்டால் அது உப்பு, பூஞ்சை இல்லை. ஆனாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சுவருக்குள் ஈரம் இருப்பதால்தான் உப்பு வெளியே வருகிறது.

படி 2: ஈரம் எங்கிருந்து வருகிறது?

அவசரப்படாமல் செய்யவேண்டிய படி இது. இங்கே தவறான முடிவுக்கு வந்தால் மற்ற செலவெல்லாம் வீண்.

ஒரு அடிக்கு ஒரு அடி பிளாஸ்டிக் ஷீட் எடுத்து, ஈரமாகத் தெரியும் சுவரில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். ஓரிரு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டின் நம்மைப் பார்த்த பக்கத்தில் நீர்த்துளி இருந்தால், அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது என்று பொருள், காற்றோட்டம்தான் மருந்து. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்தே வருகிறது.

குழாய்க் கசிவு என்று சந்தேகமா? தண்ணீர் மீட்டர் இருந்தால் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. அசையவில்லை என்றால் மொட்டைமாடி, ஜன்னல் விளிம்பு, கழிவுநீர்க் குழாய் இவற்றைப் பாருங்கள். சுவரின் அடிப்பகுதி மட்டும் ஈரமாக இருந்தால், வெளியே மழைநீர் அஸ்திவாரத்தை ஒட்டித் தேங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

படி 3: சரிசெய்து, காயவிடுங்கள்

கசிவை ஆள் வைத்து அடைத்த பிறகு ஜன்னல்களைத் திறந்து, ஃபேனை ஓடவிடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைப்பது நல்லது. அறைக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். 30 முதல் 50 என்றால் இன்னும் நல்லது. எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றை வெளியேதான் தள்ளுகிறதா, பரணுக்குள் விடுகிறதா என்பதையும் பாருங்கள்.

படி 4: சுத்தம் செய்யுங்கள்

என்95 மாஸ்க், கையுறை, கண்ணை மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி மூன்றும் கட்டாயம். காய்ந்த பூஞ்சையைத் துடைப்பத்தால் தட்டாதீர்கள், வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். டைல்ஸ், கண்ணாடி, பெயிண்ட் சுவர் போன்றவற்றைச் சோப்புத்தூள் கலந்த நீரால் தேய்த்துத் துடைத்து, உடனே காயவிட்டால் போதும். பிளீச் தேவையே இல்லை என்பது என் கருத்து. பூஞ்சை செத்தாலும் அலர்ஜி தரும், ஆகவே அகற்றுவதுதான் முக்கியம். பிளீச்சைத்தான் பயன்படுத்துவேன் என்றால் அம்மோனியாவோ ஆசிடோ அதோடு சேரவே கூடாது, விஷவாயு வரும்.

பூஞ்சை ஊறிய கார்ப்பெட், ஜிப்சம் போர்டு, மெத்தையைக் காப்பாற்ற முயலவேண்டாம், தூக்கிப் போடுங்கள். பூஞ்சை 10 சதுர அடிக்கு மேல் பரவியிருந்தால் அதற்கென்று இருப்பவர்களிடம் விடுவதே மேல்.

படி 5: இப்போது பெயிண்ட்

பிளாஸ்டிக் ஷீட் சோதனையை இன்னொரு முறை செய்து, இரண்டு பக்கமும் காய்ந்திருந்தால் பெயிண்டரைக் கூப்பிடுங்கள்.

படி 6: விற்கும்வரை

பூட்டிக் கிடக்கும் வீட்டில் பூஞ்சை திரும்பி வரும். வாரம் ஒருமுறையாவது திறந்து காற்றாடவிடுங்கள். எதுவும் நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்தாக வேண்டும். பழுதுபார்த்த பில், முன்பும் பின்பும் எடுத்த படங்களை ஒரு ஃபைலில் போட்டு, வாங்க வருபவர் கேட்கும் முன்பே எடுத்துக் காட்டுங்கள். தெரிந்த குறையை மறைத்து விற்பது பல நாடுகளில் வழக்கு வரை போகும்.